மைக்கோட்டுக்கு வெளியே

சுல்மா தெச்சேராவை ஒருத்தன் கைநீட்டி அடித்துவிட்டு முழுசாக வீடு போய்ச் சேர்ந்தான் என்று யாராவது சொன்னால், சொன்னவன் அவளைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். உருகுவாயின் வடக்கே, தலா ஓடையை ஒட்டிய மாட்டுப் பண்ணைகளில் அவளைத் தெரியாத ஆள் கிடையாது. கன்றுகளுக்குச் சூடு போடும் பருவத்தில் ஒரு பட்டாளத்துக்கே ஒற்றை ஆளாகச் சமைப்பாள். ஆட்டை அவளே பிடிப்பாள், அவளே கழுத்தை அறுப்பாள், தோலை உரித்து முள்கம்பியில் காயப்போட்டுவிட்டு அந்த ரத்தக் கையோடு உட்கார்ந்து மாத்தே என்கிற கசப்புத் தேநீரை உறிஞ்சுவாள். புதிதாக வந்த கூலியாள் ஒருவன் அடுப்பருகே குனிந்திருந்தவளின் பின்புறத்தில் விளையாட்டாகத் தட்டிவிட்டான். இரும்புக் கரண்டியால் அவள் திருப்பித் தட்டியதில் அவனுடைய முன்பல் இரண்டும் குழம்புக்குள் விழுந்தன. அந்தக் குழம்பையே அவனுக்கு ஊற்றிக் கொடுத்தாள் என்று சொல்வார்கள். ஊற்றியிருப்பாள், சந்தேகம் வேண்டாம்.

அவள் புருஷன் செஃபெரினோ லகுவெஸ்தா குதிரை பழக்குகிறவன். வம்புக்காரன். கன்னத்தில் வாயோரத்திலிருந்து காது வரைக்கும் ஒரு கத்தித் தழும்பு. குடித்தால் அடுத்தவன் தாயை இழுத்துப் பேசுவான், பேசினால் கத்தியும் வெளியே வந்துவிடும். ஆனால் வீட்டில் அவன் பாச்சா பலிக்காது. கல்யாணமான புதிதில் ஒரேயொரு தடவை அவள்மேல் கையை ஓங்கினான். அவள் நெருப்பில் பழுத்துக்கிடந்த சூட்டுக்கோலை உருவிக்கொண்டு துரத்த, அவன் லாயத்துக் கூரைமேல் ஏறி உட்கார்ந்தவன் அவள் கோல் ஆறும் வரைக்கும் இறங்கவில்லை. சாராயக் கடையில் இந்தக் கதையை அவனே சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஊரும் வயிறு குலுங்கச் சிரிக்கும். ஊருக்குச் சிரிக்கத்தான் தெரியும், வேண்டிய நேரத்தில் ஒன்றும் ஞாபகத்துக்கு வராது.

அவளுக்கு ஒரே அண்ணன், ஒரோஸ்மான். சுருக்குக் கயிறு வீசுவதில் அவனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. அவர்களுடைய அப்பா பட்டைச் சவுக்கால் பெண்டாட்டியை அடிக்கிறவர். குதிரைச் சவுக்குதான், ஆனால் நுனியில் கயிறு இருக்காது, உள்ளங்கை அகலத்துக்குத் தோல்பட்டை இருக்கும். அது பட்ட இடம் கீறாது, ரத்தம் கட்டிக் கத்தரிக்காய் நிறத்தில் பட்டைபட்டையாகக் கன்றிப்போகும். அம்மாவின் கால்களில் எப்போதும் அந்த நிறம் இருந்தது. யார் கேட்டாலும் யாரும் அடிக்கவில்லை, குதிரை இடித்துவிட்டது என்பாள். ஒரு குளிர்காலத்தில் அப்படிச் சொன்னவள் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. மீசை அரும்பாத வயதில் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரோஸ்மான், அம்மாவின் குழிமேட்டில் தங்கையின் தலையில் கை வைத்து, இவள்மேல் ஒருவன் கை பட்டால் அவன் தோலை உரிப்பேன் என்றான். அதற்கப்புறம் அந்த நாளுக்காகவே காத்திருந்தவன் மாதிரித்தான் வாழ்ந்தான்.

கோடை முடிகிற சமயத்தில் சுல்மாவுக்கு உடம்பு இளைக்கத் தொடங்கியது. பாவாடை இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டாள். அடிவயிறு பிசையும். கழிப்பறைக்குப் போனால் ரத்தம் போனது. மூலம் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். விடிந்ததிலிருந்து கொதிக்கக் கொதிக்க மாத்தே குடித்து, மூன்று வேளையும் கொழுத்த இறைச்சியே தின்கிற ஊரில் மூலம் இல்லாதவர் யார்? அதையெல்லாம் புருஷனிடம்கூடச் சொல்ல அவளுக்குக் கூச்சம். பல்லை உடைக்கக் கூசாதவளுக்கு இதைச் சொல்லக் கூச்சம், என்ன செய்ய.

பிறகு கால்களில் புள்ளிகள் வந்தன. முதலில் கணுக்காலைச் சுற்றிப் பருப்பு அளவில் சிவப்பாக. தடவினால் மேடு தட்டும், எரியும். நாலைந்து நாளில் கறுத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கெண்டைக்காலில் பட்டையாகப் படர்ந்தன. ஒரு கூட்டம் மங்குவதற்குள் அடுத்த கூட்டம் முழங்காலைத் தாண்டி ஏறியது. செஃபெரினோ அதைப் பார்த்த அன்றைக்கே நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னான். அவள் தடித்த கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு, சூடு போடும் வேலை முடியட்டும், நான் போய்விட்டால் இந்தத் தடியன்களுக்கு யார் ஆக்கிப்போடுவது, நீயா என்று வாயை அடைத்தாள். அவன் விடவில்லை. கடைசிக் கன்றுக்குச் சூடு போட்ட மறுநாள் காலையில் பால் லாரியில் இருவரும் போவது என்று பேச்சு முடிந்தது. அவன் லாரிக்காரனிடமும் சொல்லிவைத்தான்.

சூடு போடும் கடைசி நாள். பட்டிக்குள் கன்றுகள் கத்துகிற கத்தலில் பக்கத்தில் நிற்பவன் பேச்சுக் கேட்காது. ஒரோஸ்மான் கயிறு வீசி முன்காலைக் கட்டி இழுக்க, கன்று தலைகுப்புற விழும். ஒருவன் வாலைப் பிடிப்பான், ஒருவன் கழுத்தில் முழங்காலை ஊன்றுவான், ஒருவன் பழுத்த கோலைத் தொடையில் அழுத்துவான். மயிர் கருகிப் புகை கிளம்பும். அந்தப் புகை அடங்குவதற்குள் காயடிக்கிறவன் கத்தியால் பையை அறுத்து, விதைகளை வாளியில் எறிந்துவிடுவான். மதியத்துக்கு அதைத்தான் கரியில் சுடவேண்டும். சுல்மா வாளியை எடுக்கப் பட்டிக்குள் வந்தாள். அந்த நேரம் பார்த்து அரைகுறையாகக் கட்டுப்பட்ட காளைக்கன்று ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அவள் இடுப்பில் முட்டியது. வாளி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வேலிக் கம்பியில் மாட்டிக் காலுறை கிழிந்து, பாவாடை தொடைக்கு ஏறிவிட்டது.

அத்தனை ஆண்களும் பார்த்தார்கள். கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் கத்தரிக்காய் நிறம். இரண்டு மூன்று இடத்தில் தோல் பொத்துப் புண்ணாகி இருந்தது.

ஒரோஸ்மான் கயிற்றைக் கீழே போட்டான். நடந்து வந்து, தோளில் போர்த்தியிருந்த கம்பளிப் போஞ்சோவைக் கழற்றி அவள் காலை மூடினான்.

"யாரு அடிச்சா?"

"யாரும் அடிக்கலண்ணே."

அவள் வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். உண்மையைச் சொன்னாள், அது அம்மா சொன்ன பொய்யாகவே அவன் காதில் விழுந்தது. அவன் தலையை மட்டும் ஆட்டினான். செஃபெரினோ அப்போதுதான் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, என்ன கூட்டம் என்று கேட்டுக்கொண்டே பட்டிக்குள் வந்தான். வந்தவன் வாயைத் திறப்பதற்குள் ஒரோஸ்மானின் பட்டைச் சவுக்கு அவன் முகத்தில் விழுந்தது.

அந்தப் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. ஒருவனை நாலுபேர் முன்னால் கத்தியால் குத்தலாம், அது ஆம்பளைச் சண்டை. சவுக்கால் அடித்தால் அவனை நாயாக்கியது போல. அடிபட்டவன் கத்தியை உருவாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், உருவினால் இரண்டில் ஒருவன் விழவேண்டும். செஃபெரினோவுக்கு எதற்கு அடி வாங்குகிறோம் என்றே தெரியவில்லை. இரண்டாவது அடி காதில், மூன்றாவது வாயில். நாலாவது விழுவதற்குள் கத்தி அவன் கைக்கு வந்துவிட்டது.

கத்தியைத் தடுக்கப் போஞ்சோவை இடது கையில் சுற்றிக்கொள்ளக்கூட யாருக்கும் நேரமில்லை. செஃபெரினோவின் கத்தி ஒரோஸ்மானின் விலாவில் சட்டையோடு தோலையும் கிழித்தது. ஒரோஸ்மான் பின்வாங்கவில்லை, தன் கத்தியை உருவினான். செஃபெரினோ கத்தி பிடித்திருந்த கையின் மணிக்கட்டில், கன்றுக்குச் செய்கிற மாதிரி, குறுக்கே ஒரே இழு. உள்ளே வெள்ளையாக நரம்பு தெரிந்தது, அப்புறம் ரத்தம் மறைத்துவிட்டது. கத்தி விழுந்ததும் மற்ற ஆட்கள் பாய்ந்தார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்றால், ஆத்திரக்காரனுக்குப் பின்னால் போகிற கூட்டத்துக்கு அந்த மட்டும் கிடையாது. நேற்று வரை செஃபெரினோவோடு ஒரே குவளையில் மாத்தே உறிஞ்சியவர்கள் அவனைக் கீழே தள்ளி, செருப்புக் காலால் மிதித்து, மாட்டைக் கட்டுகிற கம்பத்தில் சுருக்குக் கயிற்றால் கட்டினார்கள். ஒருவன் அவன்மேல் ஒன்றுக்கு இருந்தான். முன்பல் போன ஆள்தான், வேறு யார்.

சுல்மா நொண்டிக்கொண்டு வந்து கத்தினாள். நான் விழுந்தால் இந்த ஆள் தூக்கிவிடுகிறவன்டா, இது சீக்குடா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்டா என்றாள். யார் காதிலும் ஏறவில்லை. கரண்டியை எடுத்து அண்ணன் மண்டையில் ஓங்கிப் போட்டாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிய, அவன் அப்படியே நின்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான்.

"பாத்துக்கங்கடா. அடிச்சவனுக்காகக் கூடப்பொறந்தவன அடிக்கிறா. எங்கம்மாவும் இப்படித்தான் இருந்தா."

அதற்கு என்ன பதில் சொல்வது? இல்லை என்றால் புருஷனை மறைக்கிறாள், ஆமாம் என்றால் தீர்ந்தது, அண்ணனை அடித்தால் புருஷன் வைத்த வசியம். வாயை மூடிக்கொண்டால் பாவம் பயந்துபோயிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளே என்று அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அந்தப் பரிதாபத்துக்கு நாலு உதை வாங்கியிருக்கலாம்.

காவல் அதிகாரி பெனித்தெஸ் ஜீப்பில் வந்து செஃபெரினோவை அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். பெனித்தெஸ், ஒரோஸ்மானோடு சீட்டாடுகிறவர். பெண்டாட்டியை அடித்தான், மைத்துனனைக் கத்தியால் குத்தினான் என்று வழக்கு. அறுந்த மணிக்கட்டுக்குக் குதிரைக்குக் கட்டுகிற துணியைச் சுற்றி அறைக்குள் தள்ளிப் பூட்டினார். ஒரோஸ்மான் தங்கையைத் தூக்கித் தன் லாரியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான்.

அங்கே அவளை அவன் ராணி மாதிரி வைத்துக்கொண்டான், அதில் குறை சொல்ல முடியாது. தன் கட்டிலைக் கொடுத்தான். தினமும் கோழி அடித்தான். ஆனால் வெளிக்கதவுக்குப் பூட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று அவள் கேட்டபோதெல்லாம், நகரத்துக்குப் போகிற வழியில்தான் காவல் நிலையம் இருக்கிறது, அங்கே போய் அவன் காலில் விழுவாய், எனக்குத் தெரியாதா என்றான். அடிக்க ஆளில்லாவிட்டால் தழும்பு தானாக ஆறிவிடும், பத்து நாள் படுத்துக் கிட என்றான். வயிற்று வலியையும் ரத்தம் போவதையும் அண்ணன் பெண்டாட்டி மிர்த்தாவிடம் மட்டும் சொன்னாள். மிர்த்தா அதைப் புருஷனிடம் சொல்லப்போய், வயிற்றிலும் உதைத்திருக்கிறான் தேவடியாள் மகன் என்று அவன் சுவரைக் குத்தியதுதான் மிச்சம்.

மிர்த்தா நல்லவள், ஆனால் பயந்தாங்கொள்ளி. அவளுக்கு மட்டும் லேசாக ஒரு சந்தேகம் வந்தது. அடிபட்ட இடம் நாள் போகப்போகப் பச்சையாகும், மஞ்சளாகும், மங்கும். இது மங்கின இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாகச் சிவக்கிறதே என்று யோசித்தாள். அக்கியாக இருக்குமோ என்று ஊரில் அக்கிக்குப் பார்க்கிற பிலாரை, ஒரோஸ்மான் வேலைக்குப் போயிருந்த பகலில் கூட்டிவந்தாள். பிலார் இறைச்சிக் கடைக்காரனின் விதவை. அக்கி பாம்பு மாதிரி ஊரும், அதன் தலையும் வாலும் சேர்ந்தால் ஆள் காலி, அதனால் மையால் வேலி போட்டுவிடவேண்டும் என்பது அங்கே எல்லோரும் அறிந்த வைத்தியம். பிலார் கோழி இறகை மைப்புட்டியில் தோய்த்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி, ஒவ்வொரு கூட்டத்தையும் சுற்றிக் கறுப்பாகக் கோடு கிழித்தாள். மேலே தொடை, கீழே கணுக்கால், ஓர் இடம் விடவில்லை. பாம்பைக் கட்டியாச்சு, இனி நகராது என்று சொல்லி ஒரு கோழியை வாங்கிக்கொண்டு போனாள்.

பாம்பு நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சுல்மா காலுறையைக் கழற்றினால், கோட்டுக்கு வெளியே, சுத்தமாக இருந்த மேல்தொடையில், கொத்தாகச் சிவப்பு. கோட்டுக்கு உள்ளே ஓர் இடம் கறுத்து அழுகி நீர் வடிந்தது. மிர்த்தா பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் அடக்கிவைத்தாலும் துணி துவைக்க வந்தவள் பார்த்துவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? புருஷன்காரன் கம்பிக்குள்ளே கிடக்கிறான், இங்கே புதுசு புதுசாகத் தழும்பு வருகிறதாம், அப்படியானால் அடிக்கிறது யார் என்று இரண்டே நாளில் பேச்சுக் கிளம்பிவிட்டது.

சாராயக் கடையில் ஒருவன் நேராகவே கேட்டான்.

"என்ன ஒரோஸ்மான், சவுக்குக்கு இன்னும் பசி ஆறலையா? தங்கச்சியையும் விடமாட்டேங்குதாமே."

ஒரோஸ்மான் புட்டியை அவன் தாடையில் உடைத்தான். மீதியை அவன் தொண்டையில் செருகப்போனவனை நாலுபேர் இழுத்துப்பிடித்தார்கள். கையில் கண்ணாடித் துண்டு குத்தியிருக்க, அப்படியே வீட்டுக்கு வந்து, கட்டிலில் கிடந்த சுல்மாவின் போர்வையை இழுத்தெறிந்தான். பட்டப்பகல், ஜன்னல் திறந்திருந்தது. மைக்கோட்டைப் பார்த்தான், கோட்டுக்கு வெளியே இருந்ததைப் பார்த்தான். அது நேற்று முந்தாநாள் வந்தது என்று குருடனுக்கும் தெரியும். தன் வீடு, தன் பூட்டு, ஒரு சாவி தன் இடுப்பில், இன்னொன்று மிர்த்தாவிடம். மெதுவாகத் திரும்பி மிர்த்தாவைப் பார்த்தான்.

"நீயாடி?"

சவுக்கு மேலே போய்விட்டது. மிர்த்தா கத்தக்கூட இல்லை, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். சுல்மாவுக்கு எங்கிருந்து அத்தனை பலம் வந்ததோ, புண்ணான காலோடு பாய்ந்து, இறங்குகிற சவுக்கைக் கையாலேயே பிடித்தாள். தோல்பட்டை அவள் முழங்கையில் விழுந்து சுருண்டது.

"இப்பப் பாத்தியா அண்ணே, இதுதான் அடி. நீ அடிச்சது. இது நாளைக்கு எப்படி இருக்குன்னு பாரு, என் காலு எப்படி இருக்குன்னும் பாரு. நம்மப்பன் செத்து எத்தன வருஷமாச்சு, இன்னும் உன் கையில சவுக்கு பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

அவன் சவுக்கை விட்டான். தரையில் உட்கார்ந்தான். மிர்த்தாவின் பக்கம் திரும்பவே அவனுக்குத் தைரியம் வரவில்லை. அப்படியானால் அவன் உன்னைத் தொடவே இல்லையா என்று கேட்டான். அன்றைக்கே சொன்னேனே எருமை என்றாள் சுல்மா. வண்டியை எடு என்றாள்.

காவல் நிலையத்தில் பெனித்தெஸ் இருந்தார், இரண்டு சிப்பாய்கள் இருந்தார்கள். சுல்மா யாரையும் கேட்கவில்லை. மேசை முன்னால் நின்று பாவாடையைத் தொடைக்குத் தூக்கிப் பிடித்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திரும்பாதீங்க ஐயா. பட்டியில அத்தன பேரும் பாத்தாங்க, நீங்க மட்டும் என்ன பாதிரியாரா. இந்தக் கோடு பிலார் போட்டது. அந்த ஆளை நீங்க உள்ள போட்டதுக்கு அப்புறம் போட்டது. கோட்டுக்கு வெளிய இருக்கறதெல்லாம் அதுக்கும் பின்னால வந்தது. உங்க கம்பிக்குள்ள இருந்துக்கிட்டு என்னை அடிக்க, அவன் கை என்ன சுருக்குக் கயிறா?"

பெனித்தெஸ் குனிந்து பார்த்தார். பிலார் கோடு போட்டதை ஊரே சொல்லிக்கொண்டிருந்தது, அவருக்கும் தெரியும். நிமிர்ந்து, சீட்டாட்டக் கூட்டாளியைப் பார்த்தார். அப்போ நீயா என்று கேட்டார்.

"யாரும் அடிக்கலங்க" என்றான் ஒரோஸ்மான்.

பெனித்தெஸ் சிரித்தார். எத்தனை பேர் இந்த மேசை முன்னால் நின்று இதையே சொல்லியிருக்கிறார்கள் என்கிற சிரிப்பு. ஒரோஸ்மானின் முகம் வெளிறிப்போனது. தன் வாயால் தானே ஒன்றைச் சொல்லி, அது உண்மையாக இருந்தும், எதிரே இருப்பவன் நம்பாமல் சிரிப்பதை அவன் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பார்த்தான். பக்கத்தில் தங்கை நின்றிருந்தாள். கடைசியில் அவளே புருஷனை விடச்சொல்லிக் கேட்கிறாள், அவனும் குத்துப்பட்ட ஒரோஸ்மானும் ஒன்றாக ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்றதும், எக்கேடு கெட்டாவது போங்கள் என்று பெனித்தெஸ் பூட்டைத் திறந்துவிட்டார்.

செஃபெரினோ வெளியே வந்தான். மூக்கு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. துணி சுற்றிய கை பூசணி மாதிரி வீங்கி நாற்றமடித்தது. மைத்துனனைப் பார்க்கவே இல்லை. சுல்மாவிடம், லாரிக்காரன் அன்னைக்கு வந்து நின்னிருப்பானே என்று மட்டும் சொன்னான். அவள் அங்கேயே உடைந்து அழுதாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அராம்புரு என்று ஒரு பெண், சிகரெட்டும் கையுமாக இருப்பவர். இரண்டு ஆண்களையும் வெளியே துரத்திக் கதவைச் சாத்தினார். கண்ணாடித் தம்ளர் ஒன்றை எடுத்து ஒரு புள்ளிமேல் அழுத்திப் பார்த்தார். அழுத்தியும் சிவப்பு மறையவில்லை. அப்புறம் அவர் காலைப் பற்றிக் கேட்கவில்லை. எவ்வளவு இளைத்தாய், வயிறு எங்கே வலிக்கிறது, மலத்தோடு ரத்தம் போகிறதா என்று கேட்டார். இவ்வளவு நாளில் யாரும் அவளைக் கேட்காத கேள்விகள். சுல்மா சுவரைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றாள். மூலம் என்று நினைத்தேன் என்றாள். டாக்டர் உறை மாட்டி விரலால் பார்த்தார். பார்த்த விரலை வெளியே எடுத்ததும் அவர் பேச்சு மெதுவாகிவிட்டது. அப்புறம் வயிற்றைப் படமெடுத்தார்கள், காலிலிருந்து தோலைக் கொஞ்சம் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்ததும் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். மலக்குடலில் புற்று. அதோடு மல்லுக்கட்டுகிற உடம்பு, நிலைதவறிப்போய்த் தோலுக்குக் கீழே இருக்கிற சின்னச்சின்ன ரத்தக் குழாய்களையும் அடிக்கிறது, அவை வீங்கி உடைந்து ரத்தம் கசிகிறது. இது ஆயிரத்தில் ஒருவருக்கு வருமோ என்னவோ, தானே இன்னொரு தடவைதான் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"அடுப்படியில சண்டை. வாசல்ல சட்டி உடையுது. நீங்கல்லாம் வாசல்லயே நின்னு யாரு உடைச்சான்னு அடிச்சிக்கிட்டு இருந்திருக்கீங்க."

சீக்கிரம் வந்திருந்தால் என்று ஒரோஸ்மான் இழுத்தான். சீக்கிரம் வந்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும், எவ்வளவு என்று என்னால் சொல்லமுடியாது என்றார் டாக்டர். அவன் வெளியே போய் வேப்பமரம் போல் பெரிதாக நின்ற ஏதோ ஒரு மரத்தில் நெற்றியை மோதிக்கொண்டு நின்றான். கரண்டி பிளந்த இடத்தில் போட்டிருந்த தையல் பிரிந்து ரத்தம் வந்தபோது செஃபெரினோதான் ஜன்னலிலிருந்து பார்த்து, அந்தக் கழுதையை யாராவது உள்ளே கூட்டிவாருங்கள், மரம் செத்துவிடும் என்றான்.

குடலில் ஒரு முழம் வெட்டி எடுத்தார்கள். வயிற்றில் கன்றுக்குப் போடுகிற சூட்டைவிட நீளமான தழும்பு. வெட்டி எடுத்த சில வாரத்தில் கால்கள் தாமாகவே வெளுத்தன. மை அழிவதற்கு முன்னால் புள்ளி அழிந்துவிட்டது. காலைப் பார்த்துக்கொண்டே இரு, அது திரும்பி வந்தால் உள்ளே இருப்பதும் திரும்பியிருக்கலாம், அன்றைக்கே கிளம்பி வா என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

செஃபெரினோவின் வலது கை உருப்படவில்லை. விரல்கள் கோழிக்கால் மாதிரி மடங்கியே நின்றுவிட்டன. கடிவாளம் பிடிக்க முடியாதவன் எப்படிக் குதிரை பழக்குவது? யாரும் கேட்காமலே ஒரோஸ்மான் தினமும் வந்து அவன் குதிரைகளைப் பழக்கினான். செஃபெரினோ வேலிமேல் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் குதிரை ஒரோஸ்மானைத் தூக்கி எறிந்து, நெஞ்சில் மிதித்துவிட்டுப் போனது. எழுந்து எலும்பைத் தடவிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, இடுப்பால் உட்காரணும்டா மடையா, சூத்தால இல்ல என்றான் செஃபெரினோ. அவர்கள் சமாதானம் என்று எதையாவது சொல்லவேண்டுமானால் அதைத்தான் சொல்லவேண்டும். மிர்த்தா மட்டும் சமாதானமாகவில்லை. புருஷனுக்குச் சமைத்துப் போட்டாள், அவன் கை உயர்ந்து தொப்பியைக் கழற்றினாலும் ஒரு அடி பின்னால் போனாள். சாகும் வரைக்கும் அப்படித்தான்.

சுல்மா எழுந்தாள், சதை போட்டாள், அடுத்த பருவத்துக்குப் பழையபடி கரண்டியைப் பிடித்தாள். அதற்கடுத்த பருவமும் வந்தது. சூடு போட ஆரம்பித்து மூன்றாம் நாள், வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம், அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பட்டிக்கு நடந்து வந்தாள். கன்றுகள் கத்திக்கொண்டிருந்தன. வாசலில் கிடந்த கட்டையில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, காலுறையைக் கழற்றினாள். கணுக்காலைச் சுற்றிச் சிவப்பாக, பருப்பு அளவில்.

செஃபெரினோ பார்த்தான். உடனே ஒரோஸ்மானின் லாரியைக் கிளப்பப் போனான்.

ஒரோஸ்மானும் பார்த்தான். கயிற்றைப் போட்டான். அவன் கை இடுப்பிலிருந்த சவுக்கை எடுத்துவிட்டது. எடுத்த கையோடு பட்டியைச் சுற்றிப் பார்த்தான். ஒவ்வொருவனாக விலகி நின்றார்கள். அடிக்க யாரும் இல்லை. அவன் மாட்டைக் கட்டுகிற கம்பத்தை அடிக்க ஆரம்பித்தான். ஓங்கி ஓங்கி, பட்டை பிய்ந்து, கைப்பிடி உள்ளங்கையைக் கிழித்து ரத்தம் தெறிக்கிற வரைக்கும் அடித்தான். அருகே போக ஒருவனுக்கும் துணிவு வரவில்லை. கன்றுகள்கூட மூலையில் ஒதுங்கிவிட்டன.

"அண்ணே" என்றாள் சுல்மா. அவன் நிறுத்தவில்லை. அவள் இன்னொரு முறை, சத்தம் போடாமல் கூப்பிட்டாள்.

"அண்ணே. அடிச்சவன் யாரும் இல்ல. தேடாத. எனக்குப் பயமா இருக்கு, இங்க வந்து என் பக்கத்துல உக்காரு."

அவள் பயம் என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. சவுக்கைக் கீழே போட்டுவிட்டு வந்தான். அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்து, அந்தக் கணுக்காலைத் தன் இரண்டு கையிலும் எடுத்து வைத்துக்கொண்டான். கையிலிருந்த ரத்தம் அவள் காலில் ஒட்டியது. அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் வலிக்காமல், மெதுவாக, காலுறையை மேலே ஏற்றிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு நடந்தான்.